கிடக்கும் இடம்

கண்ணாடித் துண்டின் மேல் எண் மட்டும்தான்.
ஆனாலும் எனக்குத் தெரியும், இது பூபாலன்.
டர்பனில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய என் தம்பி.
அவன் தோளில் இருந்த மச்சம்
இப்போது நுரையீரலில்.

சாயம் ஏற்றிப் பார்க்கிறேன்.
எச்சரிக்கைப் புரதம் இருந்தால் பழுப்பாகத் தெரிய வேண்டும்.
எல்லாம் நீலம்.
மணியைக் கழற்றிவிட்ட பள்ளிக்கூடம்.

டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கும்வரை ஒருவரும் கேட்பதில்லை.
சுவர் கிழிந்து ஒரு நூல் வெளியே வழிந்தால்
பிடித்துக்கொள்ள ஓர் உணரி உண்டு.
நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்காது.
கிருமியுடையதா நம்முடையதா, விசாரணை கிடையாது.
கிடக்கும் இடம் ஒன்றே குற்றம்.

அறுபத்தெட்டு, ஜூன் மாதம்.
அப்பாவின் சர்க்கரை லாரி
வான் ரீனன் கணவாயைத் தாண்டி அச்சு முறிந்து நின்றது.
ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியனுக்கு இரவு கிடையாது.
போலீஸ்காரன் பெயர் கேட்கவில்லை, சரக்கைப் பார்க்கவில்லை.
டார்ச்சை முகத்தில் அடித்து
“இங்கேயா?” என்றான்.
உறைபனியில் இரண்டு மைல் பின்னால் நடந்து
நேட்டால் மண்ணில் வந்து படுத்தார்.
இடது காலில் இரண்டு விரல் அந்த இரவோடு போயிற்று.

பக்கத்து மேசை நோம்வுலாவிடம் சொன்னேன்.
“பாஸ் புத்தகத்தை மறந்துவிட்டு ரொட்டி வாங்கப் போனாள் எங்கம்மா,
மூன்று நாள் கழித்து வந்தாள்,
ரொட்டி இல்லாமல்,” என்றாள்
லென்ஸைத் துடைத்தபடி.

அந்தச் சட்டத்தையா
என் தம்பி உடம்புக்குள் நான் வரமாகக் கேட்பது?

கேட்கிறேன்.

ஐந்து நாள் கதிர் வைத்தார்கள்.
புற்றின் நூல்கள் அறுந்து கண்ட இடத்தில் சிந்த வேண்டும்.
புற்று தன் வாயைக் கட்டிக்கொண்டது; போகட்டும்,
அந்தக் குப்பையை விழுங்கிய பக்கத்து அணுவாவது அலற வேண்டும்.
அலறல் கேட்டு ஓடிவரும் படைக்குக்
குப்பி மருந்து கடிவாளத்தைக் கழற்றும்.
ஒருவரும் அலறாவிட்டால் அது வெறும் தண்ணீர்.
அந்தத் தண்ணீருக்கு மெடிக்கல் எய்ட் இரண்டு முறை கைவிரித்தது;
லோகேஷ்னி காரை விற்றாள்.

இன்று இரண்டாவது துண்டு.
நீலம். நீலம். நீலம்.
ஓரத்தில், ரத்தக்குழாய்ப் பக்கம்,
டீ சிந்திக் காய்ந்தது போல் துளி பழுப்பு.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
சாயக் கறையாகவும் இருக்கலாம்.

அறிக்கையில், “ஓரத்தில், மிகக் குறைவு.”
அறிக்கையில் இல்லாதது:
அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள்,
டார்ச்சை அடிக்கச் சொன்னது நான்தான்.