சோத்துக்கைப் பக்கம்

சாலைத்தெரு இரும்புக்கடையில் எடை போட்டார்கள்:
பதினேழு கிலோ நானூறு.
வைஸுக்கு விலை இல்லை, இரும்புக்குத்தான்.
உச்சிப்புளி தாண்டியதும் நடத்துநர்
சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு
லக்கேஜுக்கு ஒரு சீட்டுக் கிழித்தார்.
பாம்பன் பாலம் முழுக்க
என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து வந்தது அது,
வாயை இறுக மூடிக்கொண்டு.

பலகை ஏற்கெனவே இருந்தது.
உடைத்த விசைப்படகில்
இன்ஜின் உட்கார்ந்திருந்த கட்டைகள், இரண்டு.
நாலு இஞ்சுக் கனம்.
பதின்மூன்று வருஷம் அதிர்ந்த மரம்.
இழைக்க இழைக்க டீசல் வாடை,
அதற்கும் அடியில் அயினியின் மஞ்சள்.
ஒடிந்த ஆணி ஒன்று உள்ளே பதுங்கியிருந்து
என் நல்ல உளியின் வாயைப் பெயர்த்தது.
அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

கால்களுக்கு வேம்பு.
கழுந்துகள் சொன்னபடி இறங்கின.
தரைதான் சரியில்லை.
தங்கச்சிமடத்து மணலில் எதை நிறுத்தினாலும்
கொஞ்சம் யோசிக்கும்,
பிறகு ஒரு பக்கம் சாயும்.
நாலு மூலைக்கும் குழி தோண்டி
ஜல்லி போட்டு சிமெண்ட் ஊற்றி
டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில்
அசையாமல் நின்ற தண்ணீர்
அந்த டியூபுக்குள் இருந்ததுதான்.

வைஸை எந்தப் பக்கம் மாட்டுவது என்று
யாரும் கேட்பதில்லை.
இடது ஓரம். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான்.
நம்புவேல் அண்ணன் கடையிலும் அப்படித்தான்,
நான் அங்கே நின்ற ஒன்பது வருஷமும்.
நான் நொட்டாங்கை.
இழைப்புளி தள்ளும்போதெல்லாம்
இடுப்பு அந்தக் கைப்பிடியில் இடிக்கும்.
காசளவு கறுப்பு இன்னும் இருக்கிறது.
சாப்பிடுவதைத் தவிர வேறெதற்கும்
சோத்துக்கை எனக்கு வாய்க்கவில்லை.

அதனால் வலது ஓரத்தில் குறித்தேன்.
வெல்டிங் கிளாடியஸ் எட்டிப் பார்த்து
"தப்பாக் கோடு போட்டுட்டீங்க" என்றார்.
பிறகு என் கையைப் பார்த்தார்.
பிறகு ட்ரில்லை எடுத்துக் கொடுத்தார்.

பின்தாடை பலகைக்குள் புதைய வேண்டும்,
பலகையின் விளிம்பே தாடை ஆகும்படி.
ஒரு நூல் வெளியே நின்றாலும்
நீளக் கட்டை காட்டிக்கொடுத்துவிடும்.
தாடைக்கு மெத்தை சீமைக்கருவேலம்.
ஜில்லாவே திட்டுகிற மரம்.
இழைத்துப் பார்த்தால் கருப்பட்டி நிறம்.
இரண்டாவது வைஸுக்கு இன்னும் காசு சேரவில்லை.
இடது கோடியில்
நாலு துளை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் கட்டையை ஓரமாக வைத்து முறுக்கினேன்.
தாடை கோணியது.
ஒரு பக்கம் கடித்தது, மறுபக்கம் இளித்தது.
கட்டை நழுவிக் கால்விரலில் விழுந்தது.
அதே கனத்தில் ஒரு துண்டை
காலியான பக்கம் செருகியபின்
நேராகப் பிடித்தது.
சும்மா நிற்பதுதான் அந்தத் துண்டின் வேலை.
அதற்குத் துளை போட்டு
சுவரில் தனி ஆணி அடித்துக் கொடுத்தேன்.

கச்சான் அடித்த ஒரு மதியம்
நம்புவேல் அண்ணன் வந்தார், கையில் ஜன்னல் சட்டத்தோடு.
அவர் வைஸில் மரை போய்விட்டதாம்.
பேசிக்கொண்டே இடது ஓரத்துக்குப் போனார்.
பேசிக்கொண்டே குனிந்தார்.
அவர் கை, இல்லாத கைப்பிடியைக்
காற்றில் அரைச் சுற்றுச் சுற்றியது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் வந்து சட்டத்தைப் பூட்டினார்.
நாலே தள்ளு.
"என்னப்பா இது, இடுப்புல குத்துது."
ஆமாண்ணே, என்றேன்.
ஆணியிலிருந்து துண்டை எடுத்து
மறுபக்கம் செருகிக் கொடுத்தேன்.

ராத்திரி வைஸை இறுக்கி வைப்பதில்லை.
உப்புக்காற்றில் மரம் ஊதும், இரும்பு பூக்கும்.
தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து
ஒரு விரல் அகலம் திறந்து விடுகிறேன்.
காலையில் அதற்குள் கொஞ்சம் மணல் இருக்கும்.
ஊதிவிட்டு ஆரம்பிப்பேன்.