நொட்டாங்கை

கண்டியிலிருந்து வந்த டாக்டர் அம்மா
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:
குடும்பத்தில் முன்னர் யாராவது
இப்படி?

எப்படி என்று நான் கேட்கவில்லை.
பதுளைச் சிறைச்சாலை வாங்கில்
என் குடை சொட்டிக்கொண்டிருந்தது.
இல்லை என்றேன்.
அவர் ஒரு கோடு போட்டார்.

நான் தவறணையில் வேலை செய்கிறவள்.
நாற்று மேடைக்கும் சாராயக் கடைக்கும்
எங்கள் பக்கம் ஒரே பெயர்.
எந்தத் தவறணை என்று
வெளியாட்கள்தாம் கேட்பார்கள்.
அம்மா ஒன்றிலிருந்து வருவாள்,
அப்பா மற்றதிலிருந்து.

தாய்ச்செடியில் கிளை ஒடித்து
துண்டு துண்டாக நறுக்குவோம்:
ஒரு இலை, ஒரு கணு, விரலளவு தண்டு.
பையில் குத்தி, மண் அமுக்கி, தண்ணீர் தெளித்து.
தாய் எதுவோ பிள்ளையும் அதுவே,
அச்சு மாறாது என்பார் கணக்கப்பிள்ளை.
பதினேழு வருடமாகப் பார்க்கிறேன்,
அச்சு மாறாததுதான்.
ஆனாலும் பள்ளத்தில் நட்டது இடுப்புக்கு வரும்போது
காற்றடிக்கும் முடுக்கில் நட்டது
முழங்காலிலேயே நின்று முறுக்கிக்கொள்ளும்.
தோண்டினால்
வேர் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்திருக்கும்.

தெய்வேந்திரனும் நானும் ஒரு வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள்.
அவன் இருபது நிமிடம் முந்தி.
பிள்ளைமடுவத்தில் ஒரே ஏணைத் துணி.
இரண்டு பேருக்கும் நொட்டாங்கை,
அப்பாவைப் போலவே.

அப்பா எங்களைச் சரிசமமாக அடித்தார் என்றால் பொய்.
என்னை அடித்தார், விட்டார்.
அவனை அடித்துவிட்டு
ஆம்பளை அழுவானா என்று
அழுகை நிற்கும்வரை மறுபடி அடித்தார்.
எனக்கு அழ அனுமதி இருந்தது.
அது ஒரு சொத்து என்று
அப்போது தெரியாது.

எங்களுக்கு ஏழு வயது. சம்பள நாள் இரவு.
அம்மா அடுப்படியில் கிடந்தாள்.
கட்டிலுக்குக் கீழே அவன் என் வாயைப் பொத்தியிருந்தான்.
அவன் கை நடுங்கியது
என் பல்லில் தெரிந்தது.
தோட்டத்து டாக்டரையா எழுதிக் கொடுத்தார்:
படியில் வழுக்கி விழுந்ததால்.
பன்னிரண்டு காம்பராக்காரர்களும்
தலையாட்டினார்கள்.
கொழுந்து லொறியில்தான் அம்மாவைக் கொண்டுபோனார்கள்.
அன்றிலிருந்து அவன் அழுது
நான் பார்த்ததில்லை.

சந்தனமேரி வந்தபோது
ஒரு தகரப் பெட்டியும் இரண்டு கோழிக்குஞ்சும் கொண்டுவந்தாள்.
சிரித்தால் முன்பல் இடைவெளியைக் கையால் மறைப்பாள்.
என் பிரசவத்துக்கு நெருப்பு மூட்டியவள்,
இரவு முழுக்க விழித்திருந்தவள்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாங்கிய அடிகள்
இந்தப் பக்கம் கேட்ட நாட்களில்
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
இதை டாக்டர் அம்மா கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்.

கவ்வாத்துக் கத்தி,
இடக்கை வீச்சு என்று
கோர்ட்டில் ஒருவர் சிங்களத்தில் வாசித்தார்,
இன்னொருவர் தமிழில் சொன்னார்.
இரண்டு தரம் விழுந்தது அந்த வெட்டு.
மடியில் கிடந்த என் கையை
மற்றக் கையால் மூடினேன்.
கூண்டுக்குள் அவன்
தன் கைகளை அல்ல,
என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு நாலு வயதில் ஒரு மகன், நிதுசன்.
ரொட்டியை எந்தக் கையில் வாங்குகிறான் என்று
லயமே பார்க்கிறது.
மாமன் கை என்கிறார்கள், மெதுவாக.

நேற்றுச் சம்பலைத் தட்டிவிட்டான்.
என் நொட்டாங்கை தானாக மேலே போனது.
போன இடத்தில் அப்படியே நின்றது,
எங்கோ கிடந்த யாருடையதோ போல.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைத்தான் பார்த்தான்.
உதடு பிதுங்கியது. அடக்கினான்.
நாலு வயதில்
யார் சொல்லிக் கொடுத்தார்கள் அடக்க?

அழுடா என்றேன்.
அழு, அழு என்று
நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.
அவன் பயந்துபோய்
கீழே சிந்திய சம்பலை
நொட்டாங்கையால் பொறுக்கித்
தட்டில் போட்டான்.

பத்தொன்பதாம் தேதி டாக்டர் அம்மா மறுபடி வருவார்.
அந்தக் கோட்டை அடித்துவிடச் சொல்ல வேண்டும்.
அம்மா, எங்கள் லயத்தில்
படியே இல்லை.