நூற்றுக்கு இருபத்தைந்து

மார்ச் மாதம். டொனகல் சரிவில்
ஆலங்கட்டி குறுக்காக அடித்தது.
அறுபத்தியொரு செம்மறிகள் நிறைசினை.
இருந்த ஆள் நான் ஒருத்தி.

மூட்டுவலிக்கு மாத்திரை எழுதிய ஹானிகன்
"ரெண்டு வாரத்தில் ரத்தம் கொடுத்துட்டுப் போங்க" என்றார்,
"குடையை மறந்துடாதீங்க" என்கிற குரலில்.
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
வாசற்படிக் கல் மாதிரி அந்தச் சொல் நடுவில் கிடந்தது.
இருவரும் தாண்டிப் போனோம்.

பதினான்காம் நாள் ஒரு குட்டி
பின்னங்கால் முதலாக வந்தது.
முழங்கைவரை உள்ளே விட்டுத் திருப்பினேன்.
மறுநாள் இரட்டை.
அதற்கு மறுநாள் பனிக்குடம் உடைந்தும் அசையாத ஒன்று.
நாள்காட்டியில் குட்டிகளைத்தான் எழுதிவந்தேன்.
பின்னாளில் அதுவும் சான்றாவணம் ஆயிற்று,
சாணிக் கறையோடு, பிளாஸ்டிக் உறையில்.

மே மாதம் கால் வீங்கி
பூட்ஸுக்குள் நுழையவில்லை.

இப்போது லெட்டர்கென்னியில் வாரம் மூன்று நாள்
ஓர் இயந்திரம் என் ரத்தத்தை வாங்கி
அலசித் திருப்பித் தருகிறது.
அன்று கொடுக்காத ஒரு குப்பிக்கு
இது வட்டி.

நாலு வருஷம் வாய்தா. பிறகு டப்ளின்.
என் வழக்கறிஞர் டெவ்லின் எழுந்தார்:
"மலையில் தனியே கிடக்கும் பெண்மணி.
மருத்துவ விஷயம் இவருக்கு எங்கே புரியும்?"
நல்ல மனுஷன்தான்.
ஈரம் காயாத குட்டியைப் போல என்னை
இரு கையால் தூக்கி நீதிபதியிடம் காட்டினார்.
எனக்குக் கால் தரையைத் தேடியது.

எதிர்த்தரப்பு சொன்னது:
"மருத்துவர் சொன்னார், இவர் போகவில்லை.
வளர்ந்த பெண்தானே?"
சுட்டது. ஆனாலும்
'வளர்ந்த' என்பதை மட்டும் பொறுக்கி
மடியில் வைத்துக்கொண்டேன்.

"காரணம் தெரிந்திருந்தால் போயிருப்பீர்களா, மிஸ் மகின்லி?"

ஆமாம் என்று சொல், சொல் என்றன டெவ்லினின் கண்கள்.

ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பேன், என்றேன்.
கால் வெளியே தெரிய ஓர் ஆடு முக்கிக்கொண்டிருந்தால்
இரண்டு நாளும் ஆகியிருக்கும்.
சிறுநீரகம் போகும் என்று தெரிந்து
ஒரு மாதம் இருந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
ஆனால் அது நான் நிறுத்துப் பார்க்கவேண்டிய கணக்கு.
ஒரு தட்டில் ஆடுகளை நானே ஏற்றினேன்.
மற்றத் தட்டில் என்ன இருக்கிறது என்று
அவர் காட்டவில்லை.
காட்டுங்கள் என்று கேட்க
எனக்கும் வாய் இருந்தது.

டெவ்லின் பேனாவை மூடும் சத்தம்
கூண்டுவரை கேட்டது.

தீர்ப்பு: அவர் எழுபத்தைந்து, நான் இருபத்தைந்து.
மேல்முறையீடு செய்யலாம் என்றார் டெவ்லின்.
வேண்டாம் என்றேன்.
பெருந்தன்மை ஒன்றும் இல்லை;
அந்தக் கால்பங்கில் ஒரு கொட்டகைக் கூரையே போயிற்று,
வயிறு எரிந்தது.
ஆனால் நாற்பத்திரண்டு பக்கத் தீர்ப்பில்
மற்றப் பக்கமெல்லாம் எனக்கு என்னவோ நடந்தது.
அந்தக் கால்பங்கில்தான்
நான் எதையோ செய்தேன்.

படிக்கட்டில் ஹானிகன் நின்றிருந்தார், இளைத்துப்போய்.
தொப்பியைக் கழற்றினார்.
"மூட்டு எப்படி இருக்கு, அட்ராக்டா?" என்றார்
பழக்கதோஷத்தில்.
"வலிக்குது" என்றேன், நானும்
பழக்கதோஷத்தில்.

நேற்று இன்னொரு டாக்டர், சின்னப் பெண்,
மூன்று பக்கப் படிவத்தை நீட்டி
"இங்கே ஒரு கையெழுத்து" என்றாள்.
கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
முதல் பக்கம் முடிவதற்குள்
சுவர்க்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாள்.

"இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?"

"அது... கொஞ்சம் நீளும்."

நீளட்டும், என்றேன்.
இன்றைக்கு ஆடுகளைப் பார்த்துக்கொள்ள
டோனல் வந்திருக்கிறான்.
நாற்காலியை இழுத்துப் போடு.