எழுநூற்று இருபது மீட்டர்

மூன்றாம் நாள் போனேன்.
கொழிஞ்சாம்பாறை தாண்டிக் கம்பெனித் தோப்புக்குள்
புல் மண்டிய ஓடுதளம்.
இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டினேன்.
காவலர் ஆறுச்சாமி கேட்டார்:
"டேப்போட மறுமுனைய நான் பிடிக்கோணுமா?"

பிடித்தார்.
மேற்கு முனையில் ஆணி அடித்துக்
கிழக்கே நடந்தோம்.
முந்தின நாள் மழையில் இளகிய மண்ணில்
மூன்று சக்கரத் தடங்கள்.
கோடு போட்டதுபோல் நேராக,
சந்தேகமே இல்லாமல் போயிருந்தன.

முந்நூற்று அறுபதில் சுண்ணாம்பு பூசிய கல்.
இங்கே வரும்போது
முக்கால் வேகம் பிடித்திருக்காவிட்டால்
த்ராட்டிலை இழு, நின்றுவிடு,
மானம் போனால் போகட்டும்
என்று சொல்ல வைத்த கல்.
அதன்மேல் ஓர் ஓணான்
தலையாட்டிக்கொண்டிருந்தது.

பிரேக் போட்ட தடத்தைக் கடைசிவரை தேடினோம்.
அறுநூற்றுத் தொண்ணூறில் கோடுகள் மெலிந்து, மறைந்து,
ஒரேயொரு முறை மறுபடி தரையைத் தொட்டு,
பிறகு தென்னை.

செறியானின் பையில் எடைத்தாள் கிடைத்தது.
மே இருபத்தொன்பது. விமானத்தின் எண்.
ஆட்கள் என்ற கட்டம் காலி.
எரிபொருள் காலி. சாமான் காலி. காற்று காலி.
அடியில் கையெழுத்து,
வால் சுழித்து, இரண்டு புள்ளி வைத்து.

மீதியை நான் நிரப்பினேன்.
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்
கால் கட்டோடு கிடந்த முதலாளி
"எழுபத்தஞ்சு கிலோ" என்றார்.
தலைமாட்டு அட்டையில் நர்ஸ்
தொண்ணூற்றொன்று என்று எழுதியிருந்தாள்.
அவர் மைத்துனர் உண்மை சொன்னார், வலியில்.
கணக்கர் குமரேசன் பேசும் நிலையில் இல்லை.
பெங்களூர்க் கல்யாணத்துக்கு
"நாலஞ்சு பெட்டி" மாம்பழம்.
முதலமடை மாம்பழம், ஒன்பது பெட்டி என்றது பில்.
ஸ்டேஷன் தராசில் நிறுத்தபோது ஏழுதான் இருந்தது.
ஏட்டையாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.
டேங்க் விளிம்புவரை.

காற்றை யாரிடம் கேட்பது?
கள் இறக்கும் சாமுண்ணியிடம் கேட்டேன்.
"பானையெல்லாம் கிழக்க பாத்து ஆடிச்சு, சாரே.
சுரத்துக்காத்து தொடங்கியாச்சு.
அத முதுகுல வாங்கிட்டு ஓடினாங்க."

கொட்டகை மேற்கு முனையில்.
கிழக்குக் கோடிவரை உருட்டிப்போய்த் திரும்பி
காற்றுக்கு முகம் கொடுத்துக் கிளம்ப
நாலு நிமிஷம் கூடுதலாகும்.
முகூர்த்தம் பன்னிரண்டுக்கு.

அந்த நேரம் சாமுண்ணி மரத்தில் இருந்தான்.
இடுப்புக் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு
ஏறியவன்.
விமானம் அவன் கண்மட்டத்தில் வந்திருக்கிறது.
"ஓட்டுறவர் முகத்தப் பாத்தேன்.
மரமேறத் தெரியாதவன்
பாதி மரத்துல நிக்கிற முகம்."

வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில்
பில்லின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வெயில் முப்பத்துநாலு. புல் கணுக்கால் உயரம். மண் இளக்கம்.
அளவுக்கு மேல் எடை தொண்ணூற்றுநாலு கிலோ.
முதுகில் காற்று.
தென்னை உச்சியைத் தாண்ட வேண்டிய தூரம்
ஆயிரத்துச் சொச்சம்.
எப்படிச் சுருக்கினாலும்
எழுநூற்று இருபதுக்குள் வரவில்லை.
இரண்டு பேரை இறக்கிவிட்டு,
பழத்தைக் காரில் அனுப்பி,
எதிர்முனையிலிருந்து கிளம்பினால் வந்தது.
மொத்தம் பதினோரு நிமிஷம்.
அதில் பாதி, பேனா எழுதவில்லை.

சாயங்காலம் மினிமோள் வந்தார்,
செறியானின் மனைவி.
கையில் அவருடைய கைக்கடிகாரம், பிளாஸ்டிக் உறையில்.
"எஞ்சின் நின்னுபோச்சு, அதானே?"
புரொபெல்லர் இதழ்கள் முன்பக்கமாகச் சுருண்டிருந்தன.
கடைசி வினாடிவரை முழுச் சக்தியில் சுழன்றவை
அப்படித்தான் சுருளும்.
"எஞ்சின் நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

மேசையில் கிடந்த பில்லைத் திருப்பிப் பார்த்தார்.
என் எண்கள். அடித்தல், திருத்தல், டீக்கறை.
"இந்தக் கணக்கப் போட
ரொம்ப நேரம் ஆகுமா?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
அறிக்கையில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"ஆகும்" என்றேன்,
"ரொம்ப நேரம்."