கீழ் ஹோஸ்

தளியிலிருந்து மத்திகிரி போகும் சாலை,
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
வைப்பர் தள்ளிய பனி
திரும்ப வந்து உட்காருகிறது.
ஸ்டியரிங் பிடித்த விரல்கள் என்னுடையவையா என்று தெரியவில்லை.
இந்தக் குளிரில்
சிவப்பைத் தொட்டு நிற்கிறது முள்.

முள்ளைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
இரண்டாயிரத்து மூன்று மாடல்,
அதில் உண்மை பேசுவது ஹாரன் மட்டும்.
டேஷ்போர்டில் ரெண்டு தட்டு தட்டினேன்,
அசையவில்லை.
அப்புறம் வாசனை வந்தது,
வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி.

ரோஜாப் பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்தை ஒட்டி
ஓரங்கட்டினேன்.
உள்ளே பதினோரு பெண்கள். ஆறரை ஷிப்ட்.
ஆறு நாற்பதைத் தாண்டி பஞ்ச் விழுந்தால்
அரை நாள் சம்பளம் போச்சு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவர்கள் மூச்சில் கண்ணாடிகள் வெளுத்தன.

தூக்கக் கலக்கத்திலேயே போனில் தீர்ப்பு எழுதினான் இம்தியாஸ்:
"ஹெட் கேஸ்கெட்டுண்ணா. ஒம்பதாயிரம் ரெடி பண்ணிக்க."

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஆயில் குச்சியை உருவினேன்.
கறுப்பு. பால் கலக்காத சுத்தக் கறுப்பு.
பெல்ட் விறைப்பாக இருக்கிறது.
டப்பாவில் தண்ணீர் கோடு வரைக்கும் இருக்கிறது.
புகை வெள்ளைதான்,
ஆனால் என் வாயிலிருந்தும்
வெள்ளையாகத்தானே வருகிறது.

கை காய இறங்கி வந்தாள் நாகவேணி.
பம்ப் கம்பெனி, லீக் டெஸ்ட் மேஜை, நாலு வருஷம்.
மேல் ஹோஸைத் தொட்டு
விருட்டென்று கையை இழுத்தாள்.
குனிந்து கீழ் ஹோஸைப் பிடித்தாள்.
விடவில்லை.
பிடித்துக்கொண்டே இருந்தாள்.
"அண்ணா, இது கெணத்துக் கயிறாட்டம் ஜில்லுனு கெடக்கு."

இங்கே கொதிக்கிறது,
ரெண்டடி தள்ளி
அதே தண்ணீருக்குச் சேதி போகவில்லை.

ஆறும்வரை காத்திருந்தோம்.
பதிமூணு ஸ்பேனர், ரெண்டு போல்ட்.
கையில் வந்தது
ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய
பித்தளை வாய்.
அப்போதுதான் அடுப்பு பற்றவைத்த கெம்பண்ணா
"பால் சட்டில போட்டா கொன்னுடுவேன்" என்று
காது உடைந்த எவர்சில்வர் மக்கைக் கொடுத்தார்.
கொதி வந்தது. குமிழி குமிழியாய்ப் புரண்டது.
எல்லாரும் சால்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள்.
வாய் திறக்கவில்லை.
அவர் இன்னொரு விறகு வைத்தார்.
அப்போதும் இல்லை.

தெர்மோஸ்டாட் இல்லாமலே மூடினேன்.
கேஸ்கெட்டுக்கு
டேஷ்போர்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை வெட்டினேன்;
மணமகன் பெயர் உள்ளே போய்விட்டது,
மணமகள் பெயர் என் பாக்கெட்டில்.

ஏழு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.
பதினோரு அரை நாள்.
மாசக் கடைசியில்
நாகவேணியிடம் மட்டும் வேன் காசு கேட்கவில்லை.
அவளே சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்,
எண்ணி, சில்லறையோடு.

இப்போது முள் எழுவதே இல்லை.
ஓசூர் வரும்வரை இன்ஜின் சூடாகாமல் இருமுகிறது.
ரேடியேட்டருக்கு முன்னால்
தக்காளிப் பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகியிருக்கிறேன்.
புதுசு வாங்க முந்நூற்றைம்பது.
வாங்கணும்.
பழசு டேஷ்போர்டில் கிடக்கிறது.
மத்திகிரி வளைவில் ஒவ்வொரு நாளும்
இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கம் உருண்டு போகிறது,
வாயை இறுக மூடிக்கொண்டு.