திருத்தம்

பெருவிரல் வீங்கியிருந்தது.
என்னுடையதல்ல, அணித்தலைவருடையது.
வலைப்பயிற்சியில் பந்து பட்டதாம்.
இரவு பத்து மணிக்கு எக்ஸ்ரே வந்து சேர்ந்தது,
வீக்கம் இதுதான் என்று காட்ட
சிவப்பு அம்புக்குறியோடு.
நான்கு பத்தி கேட்டார் வாஸிஃப் சாஹிப்.
கொடுத்தேன்.
எலும்பு மருத்துவர் ஒருவர்,
ஓய்வுபெற்ற பந்துவீச்சாளர்கள் இருவர்,
அதே விரலை என்றோ உடைத்துக்கொண்ட
விக்கெட் கீப்பர் ஒருவர்.
ஆளுக்கொரு கவலை.

பக்கத்தின் அடியில், டயர் விளம்பரத்துக்கு மேலே
மூன்று வரிக்கு இடம் மிஞ்சியது.
வெள்ளையாய் விட்டால் அச்சகத்தில் ஏசுவார்கள்.
ஏஜென்சிக் குவியலைக் கிளறினேன்.
அல்மாட்டி. குத்துச்சண்டை. ஐம்பத்துநான்கு கிலோ.
லியாரிப் பெண்ணுக்கு வெண்கலம்.
பெயர் மாஹ்கஞ்ச்.
நிலவுப் புதையல் என்று பொருள் வரும்.
உருதுவில் ஒரே ஓர் எழுத்து அதிகம்,
அதனால் செய்தி நான்காம் வரிக்கு வழிந்தது.
மாஹ்குல் என்று போட்டேன்.
குல் என்றால் பூ.
பூவென்று சொன்னால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?
கச்சிதமாக உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் தொலைபேசி.
பின்னால் யாரோ மூட்டையைக் குத்தும் சத்தம்,
தொம், தொம், சற்று நின்று, தொம்.
"மாஹ்குல் என் பெயரில்லை" என்றாள்.
வசவுக்குத் தயாரானேன்.
வசவு வரவில்லை.

"மாஹ்குல் எங்கள் கிளப்பிலேயே இன்னொருத்தி.
ஐம்பது கிலோ. இந்த வருடம் அவளைத் தேர்வு செய்யவில்லை.
உங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு
டவுன் ஆபீஸிலிருந்து ஒருவர்
பூங்கொத்தும் போட்டோக்காரருமாக
அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.
இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.
வாங்கிக்கொண்டாள்.
மிட்டாய் கூடக் கொடுத்துவிட்டார்கள் சந்து முழுக்க.
அன்றிலிருந்து பயிற்சிக்கு வருவதில்லை,
என் முகத்தைப் பார்க்க வெட்கம்.

"பெயர் போனால் போகிறது.
அடுத்த மாதம் எனக்குப் போட்டி இருக்கிறது.
வளையத்துக்குள் என் எதிரே நிற்க
அவளை விட்டால் ஆளில்லை."

திருத்தம் எழுதினேன்.
இரண்டாம் பக்கம், தொழுகை நேரங்களுக்குக் கீழே.
மாஹ்கஞ்ச் என்று முழுதாக,
வழிந்தால் வழியட்டும் என்று.
பிழை எங்களுடையது,
இரு வீராங்கனைகளிடமும் வருந்துகிறோம்.
வாஸிஃப் சாஹிப் கண்ணாடியை உயர்த்தினார்.
"செய்தியே மூன்று வரிதானே,
திருத்தம் எப்படி ஏழு வரி?"
பதில் சொல்வதற்குள் டிவியில் சத்தம்:
வீக்கம் வடிந்துவிட்டது, தலைவர் ஆடுகிறார்.
அறையே எழுந்து கை தட்டியது.
நானும் தட்டினேன். பொய்யில்லை,
எனக்கும் கிரிக்கெட் பிடிக்கும்.
அதற்கும் நான்கு பத்தி.

மாஹ்குல் திரும்பி வந்தாளா?
தெரியாது.
அதை எந்த ஏஜென்சியும் அனுப்பாது.
கிளப்பின் எண் என்னிடம் இருக்கிறது,
பழைய பக்க வரைபடம் ஒன்றின் ஓரத்தில்,
பென்சிலில்.
சுந்த்ரிகர் சாலையில் கடைசிப் பேருந்தும் போன பிறகு
சில இரவுகளில் எடுத்துப் பார்க்கிறேன்.
எடுத்தவுடன் என்ன கேட்பது?
முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்:
மூட்டை அடி வாங்குகிறதா,
இல்லை, இரண்டு பேர்
மூச்சுவாங்க
ஒருவரையொருவர் சுற்றிவருகிறார்களா.