மூன்றாம் மெய்ப்பு

மேலமாசி வீதியில்
பாத்திரக்கடைக்கு மேல் மாடி.
இருபத்திரண்டு வருசமாய்
அடுத்தவர் நாவல்களைத் தட்டச்சு செய்கிறேன்.

வந்த புதிதில் எல்லாப் பெண்களும்
நூற்றெண்பதாம் பக்கத்துக்குள் செத்தார்கள்.
'கி' அடித்தாலே
'ணறு' தானாய் விழும் விரலிலிருந்து.
சாகாதவள் மன்னித்தாள்.
மன்னிக்கிற அத்தியாயத்துக்கும்
பக்கத்துக்கு எட்டு ரூபாய்தான் கூலி.

பிறகு வீட்டைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள்.
எல்லோரும் ராத்திரியில்.
எல்லோரும் மழையில், ஒரே ஒரு பெட்டியோடு.
அந்தப் பெட்டியில் என்ன இருந்ததென்று
ஒருத்தரும் எழுதவில்லை.

இப்போது வருகிறவர்கள் கார் ஓட்டுகிறார்கள்,
பால்கனியில் நின்று புகைக்கிறார்கள்,
வேண்டாம் என்பதை
ஒரே சொல்லில் சொல்கிறார்கள்.
அடிக்க அடிக்கச் சந்தோசமாய்த்தான் இருக்கிறது.
ஆனாலும் எவளுக்கும் முட்டி வலிப்பதில்லை.
எவளும் ஏலச்சீட்டு கட்டுவதில்லை.
ஆறு மணி நேரம் பயணம் போகிறவள்
ஒன்றுக்குப் போக இடம் தேடுவதில்லை.

போன மாதம் வந்த கையெழுத்துப்படியில்
பூரணவல்லி என்றொருத்தி.
நாற்பத்தாறு வயது, கூட்டுறவு வங்கியில் காசாளர்.
இரவு பதினொரு மணிக்கு
மாட்டுத்தாவணியில் திண்டுக்கல் பஸ் ஏறுகிறாள்.

மாட்டுத்தாவணியில் ஏது திண்டுக்கல் பஸ்?
ஆரப்பாளையம் அல்லவா போகணும்.
கிளம்பி வந்தவளைத்
தப்பான பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு
நிலாவை வர்ணித்துக்கொண்டிருந்தார் ஆசிரியர்,
பதினேழு வரி.

பஸ் ஸ்டாண்டை மாற்றினேன்.
கை அதோடு நிற்கவில்லை.
ஐநூறை நீட்டினாள், கண்டக்டர் முறைத்தார்,
மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்,
அதை அவள் இரண்டு தடவை படித்தாள்
என்றும் சேர்த்தேன்.

முதல் மெய்ப்பில்
ஆரப்பாளையத்துக்கு டிக் போட்டிருந்தார்.
சில்லறையின் மேல் கோடு இழுத்து
ஓரத்தில் எழுதியிருந்தார்:
'கதைக்குத் தேவையில்லை.'
மறுபடி சேர்த்தேன்.
மறுபடி கோடு, இந்த முறை சிவப்பு மையில்,
தாள் கிழிகிற அளவுக்கு.

மூன்றாவதைப் பெரும்பாலும்
யாரும் படிப்பதில்லை.

புத்தகம் வந்துவிட்டது.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
வாடிப்பட்டி தாண்டியதும்
கம்பியைப் பிடித்துப் பிடித்து
முன்னால் போகிறாள் பூரணவல்லி,
மீதியைக் கேட்டு வாங்குகிறாள்,
அங்கேயே நின்று எண்ணுகிறாள்.

பத்து ரூபாய் குறைகிறது.
அதையும் கேட்கிறாள்.